உயர்த்தப்பட்ட படுக்கை எண் ஒன்று

ஒரு குடிமகன் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் மண்ணைக் கொட்டி, தன் பெண்டாட்டிக்கு நாலு பழம் விளைத்துக் கொடுக்க நினைப்பது குற்றமா? சட்டப் புத்தகத்தை எப்படிப் புரட்டினாலும் அது குற்றம் என்று எங்கேயும் போட்டிருக்காது. அந்த நினைப்பை ஓர் அலுவலகத்தில் போய் வாய்விட்டுச் சொல்வதுதான் குற்றம். திருவொற்றியூரில் ஐஸ் கம்பெனி சந்தில் குடியிருக்கும் டில்லிபாபு போய்ச் சொன்னான். சொல்லிவிட்டு இன்றுவரை அனுபவிக்கிறான்.

டில்லிபாபுவுக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் காஸ் கட்டிங் வேலை. எத்தனை தடிமன் பிளேட்டாக இருந்தாலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, கோடு கலையாமல் வெட்டிக் கொடுப்பான். அவன் மனைவி ஜெயஸ்ரீ விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்பவள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவளுக்கு இப்போது நாலாவது மாசம். பிறந்ததிலிருந்து மீன் வாடையில் வளர்ந்தவளுக்கு மீன் வாடையே ஆகாமல் போய்விட்டது. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மசக்கைக்காரி மாங்காய் கேட்பாள், புளி கேட்பாள். சில பேர் சாம்பல்கூடக் கேட்பார்கள். சாம்பல் கேட்டிருந்தால் செலவே இல்லை, மொட்டை மாடியில் ஒரு தட்டை வைத்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்துக் காற்று அரை மணி நேரத்தில் கொண்டுவந்து பரிமாறிவிடும். ஜெயஸ்ரீ கேட்டது ஸ்ட்ராபெரி. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அதே நினைப்பு. டில்லிபாபு பாரிமுனை வரைக்கும் போய் ஒரு டப்பா வாங்கி வந்தான். மேல் வரிசை பளபளவென்று இருந்தது. கீழ் வரிசையைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் தாடி முளைத்திருந்தது.

அந்தச் சந்தில் இன்னொரு கவலையும் உண்டு. அது பழத்தைவிடப் பெரிய கவலை. வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ராயபுரம் போக வேண்டும். நடுவில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் நிற்கும். நிற்கும் என்றால் குடியிருக்கும். டிரைவர்கள் அதன் நிழலில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து துணி துவைத்துக் காயப்போடுவார்கள். போன வருஷம் எதிர்வீட்டு மலர், வலியோடு ஏறிய ஆட்டோவிலேயே பெற்றுவிட்டாள். அந்தப் பிள்ளையை இன்றைக்கும் சந்தில் மீட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதற்காக டீக்கடை மஜீது பாய் பதினோரு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் பழைய ரேஷன் கிடங்கில் ஆறு படுக்கை போட்டு ஒரு சின்னப் பிரசவ வார்டு திறந்தால் போதும் என்பது மனு. ஒவ்வொரு வருஷமும் "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு சீட்டு வரும். பாய் அதை டீக்கடைக் கம்பியில் குத்தி வைப்பார். பதினோரு சீட்டு சேர்ந்திருந்தது. ஜெயஸ்ரீ டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே போவாள்.

டில்லிபாபு தன் கையால் ஆகிற காரியத்தை எடுத்துக்கொண்டான். போன் வீடியோவில் ஓர் அம்மாள் வருவார், பதினேழாவது மாடி பால்கனியில் வெள்ளைப் பலகைப் பெட்டியில் ஸ்ட்ராபெரி வளர்ப்பவர். மண்ணைத் தொடும் முன் கையுறை, தொட்ட பின் கிரீம். செடியோடு தினம் பத்து நிமிஷம் பேச வேண்டும், அதுவும் நல்ல விஷயமாகப் பேச வேண்டும் என்பது அவர் கட்டளை. அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'ரைஸ்டு பெட்' என்றார். நம்ம பக்கத்து மண் உப்பு, அதில் எதுவும் வராது, அதனால் தரைக்கு மேலே பெட்டி கட்டி நல்ல மண் கொட்ட வேண்டும் என்பது மட்டும் டில்லிபாபுவுக்குப் புரிந்தது. மார்க்கெட்டில் கழித்துப் போட்ட தகட்டை வெட்டினான். ஆறடி நீளம், மூன்றடி அகலம். செடியைப் பார்க்க ஜெயஸ்ரீ குனியக் கூடாது என்று உயரம் இரண்டரை அடி வைத்தான். இந்த அளவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகம் மறக்கவே இல்லை.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. மளிகைக்கடை ராசையா அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். மண்ணில் கை வைத்து வளர்ந்தவர் அந்தச் சந்தில் அவர் ஒருத்தர்தான்.

"என்னமோ பெட்டு பெட்டுங்கியே டில்லி, அதுக்குப் பேரு மேட்டுப்பாத்தி. எங்க ஊர்ல கத்தரிக்கா போடுவோம். பாத்தின்னு சொல்லுடே" என்றார்.

டில்லிபாபு பதறிப்போனான். அந்தச் சந்தில் விவசாயம் கிடையாது. பாத்தி என்ற சொல் காதில் விழுந்தால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது, மஜீது பாய் வீட்டில் இறந்தவர்களுக்காக ஓதும் பாத்தியா மட்டும்தான்.

"இன்னா அண்ணாச்சி, வூட்ல மாசமா இருக்கறவங்கள வச்சிக்கினு பாத்தியா அது இதுன்னுகினு. பெட்டுன்னே இருந்துட்டு போவட்டும்" என்றான்.

மஜீது பாயும் டீயை ஆற்றிக்கொண்டே, நல்ல காரியம், நல்ல வார்த்தையே சொல்லுவோம் என்றார். அண்ணாச்சி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவர் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

இந்த நேரம் பார்த்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'மென்கனி இயக்கம். வீடுதோறும் மென்கனி. நாற்றுகள் இலவசம்.' பக்கத்தில் ஸ்ட்ராபெரி படம். குளிர்ப் பிரதேசத்துக்காகத் தீட்டப்பட்ட திட்டம் திருவொற்றியூருக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கடல் காற்று குளிர்ந்தது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது, மேலே இருப்பவர்கள் படித்தவர்கள். எனவே டில்லிபாபு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நலப்பணி அலுவலகத்துக்குப் போனான்.

கவுண்டரில் இருந்தவர் எல்லாத் திட்டத்துக்கும் ஒரே படிவம் வைத்திருந்தார். என்ன வேண்டும் என்றார். ரைஸ்டு பெட்டுக்கு நாற்று என்றான் டில்லிபாபு. அந்த இடத்தில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்ததால் பாதி கேட்டது. ஆட்சிமொழியில் மட்டுமே எழுதப்படும் என்று சொல்லிவிட்டு அவரே மொழிபெயர்த்து எழுதினார்: 'உயர்த்தப்பட்ட படுக்கை.' எண்ணிக்கை? ஒன்று. அளவு? ஆறுக்கு மூன்று, உயரம் இரண்டரை அடி. செலவு? சொந்தச் செலவில் கட்டியாகிவிட்டது. திட்டம்? மென்கனி. யாருக்காக?

"வூட்ல மாசமா கீறாங்க சார். அவங்களுக்குத்தான்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் முறையாக ஒரு மனு அவருக்கு முழுசாகப் புரிந்தது. 'கர்ப்பிணிக்கு' என்று எழுதி முத்திரை குத்தினார்.

மனு கண்காணிப்பாளர் மனோகரன் மேஜைக்குப் போனது. மனோகரன் கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருஷ சேவையில் ஒருவரையும் திட்டியதில்லை, ஒருவருக்கும் எதுவும் கொடுத்ததுமில்லை. அவருக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. 'மகப்பேறு படுக்கை அதிகரிப்பு' என்று ஓர் இலக்கு வருஷாவருஷம் வரும். இலக்கு: ஒன்று. மார்ச் மாசம் அவர் எழுதுவார், எட்டப்பட்டது: இல்லை. மஜீது பாயின் மனுவை அவர் மறந்துவிடவில்லை. பாய் ஆறு கேட்டார். ஒன்று என்று போட்ட கட்டத்தில் ஆறை எப்படி எழுதுவது? இலக்கைவிட ஐந்து அதிகம். பாய் பேராசைக்காரர் என்று அவர் மனசார நம்பினார்.

இப்போது ஒரு மனிதன் வந்து ஒரே ஒரு படுக்கை கேட்கிறான். அதுவும் கர்ப்பிணிக்கு. அதுவும் சரியான ஆறுக்கு மூன்று அளவில், நோயாளி ஏறி இறங்கத் தோதான உயரத்தில், தன் சொந்தச் செலவில் கட்டித் தயாராக வைத்திருக்கிறான். மென்கனி என்ற சொல் கொஞ்சம் இடித்தது. ஐந்து நிமிஷம் யோசித்தார். மென்கனி என்றால் வயிற்றில் இருக்கும் சிசு, திட்டங்களுக்கு இப்படித்தான் கவிதையாகப் பேர் வைப்பார்கள் என்று முடிவு செய்து, கண் கலங்கி, கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷம் ஆகாதது ஒன்பது நாளில் ஆனது.

பத்தாம் நாள் ஆய்வாளர் ஞானசெல்வி டேப்போடு வந்தார். பின்பக்கம் போய்ப் பெட்டியைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். ஜெயஸ்ரீ மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதுல மண்ணு இருக்கு" என்றார் ஞானசெல்வி.

"ஆமா மேடம். செம்மண்ணு, எரு, தேங்காநாரு, எல்லாம் கலந்து கொட்டிக்கீறேன்."

"மெத்தை எங்க?"

"இன்னாத்துக்கு மேடம் மெத்த?"

ஞானசெல்விக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் புரிகிற ஆள் அவர்தான், அதனால்தான் வெயிலில் அனுப்பப்பட்டிருந்தார். மோரைக் குடித்து முடித்துவிட்டு அவர் பொறுமையாக விளக்கினார். இது படுக்கை இல்லை, மண் பெட்டி என்று எழுதினால் ஃபைல் திரும்பிப் போகும். எழுத்தருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம், பொய் மனு கொடுத்ததாக டில்லிபாபுவுக்கு ஒரு கடிதம். விசாரணை முடிய மூன்று வருஷம் ஆகும். நாற்று கிடைக்காது. படுக்கை என்றே எழுதினால் இன்றைக்கே முடிந்துவிடும். நோயாளி உணவு என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதில் பழம் உண்டு, பழத்துக்குப் பதிலாகச் செடியாகவே பன்னிரண்டு வாங்கித் தர வழி இருக்கிறது.

டில்லிபாபு ஜெயஸ்ரீயைப் பார்த்தான். பன்னிரண்டு செடி என்றதும் அவள் முகம் மலர்ந்ததை அவன் கண்ணால் கண்டான். அதற்கப்புறம் அவனுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

"படுக்கைன்னே எயுதிக்கோங்க மேடம். எங்களுக்கு இன்னா பேஜாரு" என்றான்.

மெத்தை என்ற கட்டத்தில் ஞானசெல்வி கொஞ்சம் தயங்கினார். பிறகு 'இயற்கை வகை, ரசாயனம் கலக்காதது' என்று எழுதினார். இப்போதெல்லாம் எதற்கும் அப்படி எழுதினால் மேலே மதிப்பு.

அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போடுகிறவர்களுக்குத் திட்டத்தின் சார்பில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பக்கெட். பக்கெட் என்றதும் சந்தே திரண்டது. தண்ணி லாரி வருகிற ஊரில் பக்கெட்டை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும். முதல் கையெழுத்து மஜீது பாய், மனுப் போட்டுப் பழகிய கை. ராசையா அண்ணாச்சி மட்டும் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். 'இங்கு ஓர் உயர்த்தப்பட்ட படுக்கை இருப்பதை நேரில் கண்டேன்' என்று இருந்தது.

"இது பாத்தியில்லா? படுக்கைன்னு போட்டுருக்கு" என்றார்.

திருத்த வேண்டுமென்றால் தனிப் படிவம் இருக்கிறது, ஆனால் பக்கெட் இந்தப் படிவத்துக்குத்தான் என்றார் ஞானசெல்வி. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். பக்கெட்டுகளுக்கு மூடி இல்லை. மூடி அடுத்த கட்டத்தில் வழங்கப்படும் என்று சொன்னார்கள்.

செடிகள் வந்தன. பூவும் பிஞ்சுமாகப் பன்னிரண்டு. ஜெயஸ்ரீ ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அவற்றோடு பேசவும் செய்தாள். நல்ல விஷயம் பேச வேண்டும் என்பதால் மாமியாரைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் திறப்பு விழா என்று தகவல் வந்தது. இலக்கு எட்டப்பட்டால் திறக்க வேண்டும், திறந்தால் படம் எடுக்க வேண்டும், படத்தில் படுக்கை இருந்தால் அதில் ஆள் படுத்திருக்க வேண்டும். இதில் ஒரு படியிலும் குற்றம் காண முடியாது. மனோகரன் சால்வை, ரிப்பன், வெள்ளைத் துப்பட்டி, ஒரு தலையணை சகிதம் வந்து இறங்கினார். செடிகளைப் பார்த்து, அலங்காரம் எளிமையாக இருக்கிறது என்று பாராட்டினார். பயனாளி படுக்கலாம் என்றார்.

"மண்ணுல படுக்கற வயசு எனக்கு இன்னும் வரல. நீயே போய்ப் படு" என்று ஜெயஸ்ரீ புருஷனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புகைப்படக்காரர் வந்தாகிவிட்டது. திறந்து வைக்க வந்திருந்த பெரிய மனிதருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் டில்லிபாபுவைத் தூக்கிப் படுக்க வைத்துத் துப்பட்டியைக் கழுத்து வரை போர்த்தினார்கள். முதுகுக்குக் கீழே ஒவ்வொரு செடியாக நொறுங்குவது அவனுக்குக் கேட்டது. பெரிய மனிதர் அவன் நெற்றியில் கை வைத்து, காய்ச்சல் குறைந்திருக்கிறதா என்று கேட்டார். சந்து ஜனம் கை தட்டியது. மறுநாள் படம் வந்தது. 'உயர்த்தப்பட்ட படுக்கை எண் ஒன்று. முதல் நோயாளி நலம்.' டீக்கடையில் அந்தப் படத்தை வைத்து ஒரு வாரம் சிரித்தார்கள். டில்லிபாபு வந்தால் பாய், நோயாளிக்கு டீ கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்லுப்பா என்பார்.

பன்னிரண்டில் பதினொன்று போய்விட்டது. தலையணைப் பக்கத்து மூலையில் ஒன்று மட்டும் தப்பித்தது. அதில் ஒரு காய் நின்றது. ஜெயஸ்ரீ தினமும் காலையில் இலை மேல் படிந்த சாம்பலை ஈரத்துணியால் துடைப்பாள். காய் வெள்ளையாகி, வெளுத்த சிவப்பாகி, ஒரு நாள் நல்ல சிவப்பானது. கோவைப்பழ அளவுதான். நாளைக்குப் பறிக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்தார்கள். அன்றைக்கு மத்தியானம் மனோகரன் காலாண்டு ஆய்வுக்கு வந்தார். படுக்கையில் மென்கனி ஒன்று காணப்பட்டதால் விதிப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்றார். பறித்தார், துடைத்தார், ஆய்வு செய்தார். ஆய்வு அவர் வாயிலேயே நடந்து முடிந்தது. 'சுவை: திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டு போனார். டில்லிபாபு வேலை விட்டு வந்து பார்த்தபோது ஜெயஸ்ரீ காம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஒன்பதாவது மாசம் நடக்கும்போது மஜீது பாய்க்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக சீட்டு இல்லை, கடிதம். பாய் எல்லோருக்கும் தன் செலவில் டீ சொன்னார். ஜெயஸ்ரீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ராசையா அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"தங்கள் பகுதிக்கு ஆறு படுக்கைகள் கோரிய மனு பரிசீலிக்கப்பட்டது. அப்பகுதியில் மகப்பேறு படுக்கை ஒன்று, அதுவும் உயர்த்தப்பட்ட தரத்தில், ஏற்கெனவே இயங்கி வருவதாலும், அதனை நேரில் கண்டதாகப் பொதுமக்கள் ஐவர் சான்றளித்திருப்பதாலும், அவற்றுள் முதல் கையொப்பம் மனுதாரராகிய தங்களுடையதே என்பதாலும், தேவை முழுமையாக நிறைவு செய்யப்பட்டதாகக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது. ஒதுக்கப்பட இருந்த ஆறு படுக்கைகளும் படுக்கையே இல்லாத வேறொரு பகுதிக்கு மாற்றப்பட்டன."

சான்றுக் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் ஐந்து திசையைப் பார்த்தார்கள். பாய் கம்பியில் தொங்கிய பதினோரு சீட்டையும் உருவி எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் கம்பியிலேயே குத்தினார்.

"வந்துகினு இருந்திருக்குது" என்றாள் ஜெயஸ்ரீ. "ஆறு பெட்டு நம்ம தெருவுக்கு வந்துகினு இருந்திருக்குது. நாமதான் வழிய மறிச்சிக்கீறோம்."

டில்லிபாபுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணாச்சி மெதுவாக, அன்றைக்கே பாத்தின்னு சொன்னேன் என்று ஆரம்பித்தார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்காததால் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்ததும் நின்றது. முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர், பக்கத்தில் ஒன்று. டில்லிபாபு இறங்கி ஒவ்வொரு லாரியின் கதவையும் தட்டினான். டிரைவர்கள் நல்லவர்கள், தங்களால் முடிந்த அரை அடி நகர்ந்தார்கள். கூட வந்த மலர், எனக்கு இது பழக்கம்தான், நீ அந்தாண்ட போய் நில்லு என்று அவனை விரட்டிவிட்டுப் புடவையை ஆட்டோவைச் சுற்றிக் கட்டினாள். அவன் ஒரு கன்டெய்னரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவனும் அழுதான்.

பத்து நாள் கழித்து அவன் நேராக அலுவலகத்துக்குப் போனான். வீட்டில் சொல்லிவிட்டே போனான், உண்மையைச் சொல்லிப் படுக்கையை ரத்து செய்யாமல் திரும்ப மாட்டேன் என்று. மனோகரன் எழுந்து வந்து கை கொடுத்தார். டில்லிபாபு எல்லாவற்றையும் சொன்னான். அது மண் பெட்டி, பழத்துக்காகச் செய்தது, படுக்கை இல்லை, கிழித்துப் போடுங்கள் சார் என்றான்.

"செஞ்சிடலாம்" என்றார் மனோகரன். "ஆனா நோயாளி உள்ள இருக்கும்போது படுக்கையை எடுக்க முடியாது."

"நோயாளி யாரு சார்?"

"நீங்கதான். திறப்பு விழா அன்னைக்கு அட்மிட் ஆனீங்க. இன்னும் டிஸ்சார்ஜ் ஆகல. டாக்டர் கையெழுத்து வேணும்."

"அங்க ஏது சார் டாக்டரு?"

"டாக்டருக்குத் தனி இலக்கு. இன்னும் வரல." மனோகரன் குரலைத் தாழ்த்தினார். "அதவிட முக்கியம், குழந்தை. பிறந்த இடம்னு கம்ப்யூட்டர்ல ஆட்டோ கிடையாது, ரோடும் கிடையாது. பக்கத்துல இருக்கற படுக்கையத்தான் எடுத்துக்கும். உங்க பொண்ணு படுக்கை எண் ஒன்றுல பிறந்ததா ஏறியாச்சு. படுக்கைய ரத்து செஞ்சா அது எங்கயும் பிறக்கலன்னு ஆயிடும். செய்யட்டுமா?"

டில்லிபாபு அவசரமாக வேண்டாம் என்று கையாட்டினான். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஊசி அட்டை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, ஒன்றும் கிடையாது. மனோகரன் ஒரு பேரேட்டை அன்பாகத் திருப்பிக் காட்டினார். 'மென்கனி விளைச்சல்: ஒன்று. வகை: பெண். எடை: இரண்டு கிலோ எண்ணூறு கிராம்.' மாவட்டத்திலேயே பெரிய மென்கனி இதுதான் என்று தோட்டக்கலைக்காரர்களும் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார்களாம். ஒரு படுக்கை, ஒரு பிரசவம், நூற்றுக்கு நூறு. இனிமேல் ஆறு படுக்கை, பத்து படுக்கை என்று கட்டிடம் கட்டிக்கொண்டிராமல் தெருவுக்கு ஒன்று இதே மாதிரி வைக்கப்போகிறார்கள் என்றும் சொன்னார். அதற்கு ஒரு செயல்திறன் சான்று மட்டும் பாக்கி.

மறுநாள் ஞானசெல்வி படிவத்தோடு சந்துக்கு வந்தார். 'இப்படுக்கையால் பெரும் பயன் அடைந்தோம்.' அதே ஐந்து பேர் போட வேண்டும், கூடுதலாக டில்லிபாபு. பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டுமே, அவன் முதலில் போட்டான். மற்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் கிழித்துப் போட்டுவிடலாம் என்றான். நாம் மனுஷர்களா என்று அண்ணாச்சி கேட்டார். அப்போது ஆட்டோவிலிருந்து மூடிகளை இறக்கினார்கள். அடுத்த கட்டம் வந்துவிட்டது. திறந்த பக்கெட்டில் கொசு முட்டை போடுகிறது என்று வீட்டுப் பெண்கள் மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வரிசையாகப் போட்டார்கள். மஜீது பாய் போட்டார். அண்ணாச்சி இந்தத் தடவை கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஜெயஸ்ரீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் அவளைத் தாண்டிப் போகும்போது, மூடி கெடச்சிதா பாய் என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூடி பக்கெட்டைவிட ஒரு சுற்றுச் சின்னது, உள்ளே விழுகிறது. ஐந்து வீட்டிலும் அதே கதை. மஜீது பாய் இப்போது அதற்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். வீட்டில் வேறு தாள் இல்லாததால் ஆறு படுக்கை கேட்டு எழுதிய பழைய மனுவின் நகலைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதுகிறார்.